ஐந்து எச்.பி. மோட்டாரும் அரை இஞ்ச் தண்ணீரும்

மோட்டார் வெளியே வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், காயில், கருகிய வாடை. நாற்பது வருடம் அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

இரும்பு முக்காலி நிறுத்தி, செயின் பிளாக் மாட்டி, ஆழ்குழாயிலிருந்து பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆரம்பித்தது, கடைசிப் பைப் வர பதினொரு மணி ஆகிவிட்டது. அதன் நுனியில் என் மோட்டார் தொங்கியது. ஆளுயரம் இருந்தது. பளபளவென்று என் பட்டறையிலிருந்து போன சாமான், சாம்பல் நிறச் சேற்றைப் பூசிக்கொண்டு வந்திருந்தது.

சுற்றிலும் காலனிப் பெண்கள் இருபது பேருக்கு மேல் காலிக் குடங்களோடு நின்றார்கள். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று பிளாஸ்டிக் குடங்கள். எல்லாரும் மோட்டாரையே பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

மெர்சி மட்டும் கிட்டே வந்தாள். என் அக்காவின் மகள். நாற்பது வயதுக்காரி. அவள் புருஷன் வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிறான்.

"இப்ப நாங்க எங்க போறதுங்க மாமா?" என்றாள்.

"மோட்டார்ல குத்தமில்ல கண்ணு. போர்தான் சரியில்ல."

"போரும் நீங்க போட்டதுதானுங்களே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பதில் இல்லாமல் போன சந்தர்ப்பங்கள் வாழ்க்கையில் ரொம்பக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பு

நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைக்காரர்கள் எழுதிப் போடுகிற இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் பலர், "உழைத்தால் உலகத்தை மாற்றலாமா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். நான் உழைத்து மேலே வந்தவன், அதனால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற காலனியில் பிறந்தவன் நான். அப்பா தோட்டத்து வேலை. அவருடைய அப்பாவும் அதே வேலை, அநேகமாக அதே தோட்டம். கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். கோவில் என்றால் எங்களுக்கு மாதா கோவிலும் இல்லை, மாரியம்மன் கோவிலும் இல்லை. ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், மேலே ஒரு மரச் சிலுவை, அவ்வளவுதான்.

மீசை முளைக்கும் முன்னே பெரியநாயக்கன்பாளையம் வந்து ஒரு லேத்துப் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கினேன். பிறகு காயில் சுற்றக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கம்பி போன வழியைத் திரும்பிப் பார்த்து நானே கற்றது. இன்றைக்கு என் ஷெட்டில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். என் பம்ப் ராஜஸ்தானில் ஓடுகிறது. இன்ஜினியரிங் படித்த பையன்கள் வந்து, "சார், இந்தச் சத்தம் எதனால வருதுங்க?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "மேல் பேரிங்" என்பேன். பிரித்துப் பார்த்தால் மேல் பேரிங்காகத்தான் இருக்கும்.

பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி எதற்கும் முதலில் முழங்கால் போடுகிறவள். நான் முதலில் ஸ்பேனரை எடுக்கிறவன். "அவரு தந்த கைதானே? வேலை செய்யத்தானே தந்தாரு?" என்று அவளிடம் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போவேன். ஆனால் பிரசங்கத்தில் பாதி நேரம் மேலே சுற்றுகிற விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியநாயக்கன்பாளையம் சபைக்கு ஆறு விசிறி வாங்கிக் கொடுத்தவன் நான். இறக்கையில் சிவப்புப் பெயிண்டில் என் பெயர் எழுதியிருக்கும். விசிறி ஓடினால் பெயர் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தது என் மனைவிதான். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

மாட்டுக்கு ஊற்றிய பிறகு

காலனிக்குப் பஞ்சாயத்துக் குழாய் உண்டு. பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும், சில சமயம் அதுவும் வராது. மற்ற நாளெல்லாம் பெண்கள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார்கள். தென்னந்தோப்பும் முருங்கையுமாகப் பெரிய தோட்டம். மோட்டார் ரூம் வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மோட்டார் ஓடினால் அதில் விழும் தண்ணீரை மொண்டு வரலாம்.

தோட்டத்துக்காரர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வராதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் முதலில் மாட்டுக்கு, பிறகு களத்துக்கு, அதற்குப் பிறகுதான் காலனிக்கு. பெண்கள் வாசலுக்கு வெளியே நின்று, "ஏனுங்க, மாட்டுக்கு ஊத்தியாச்சுங்களா?" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து ஆள்காரன், "இருங்க" என்பான். நிற்பார்கள். நடுவில் கரண்ட் போனால் காலிக் குடத்தோடு திரும்பி வருவார்கள்.

மெர்சி கல்யாணமாகி அந்தக் காலனிக்கே வாழ்க்கைப்பட்டவள். இருபது வருடமாக அந்த வாசலில் நின்றவள்.

என் அக்கா இறந்தபோது நான் காரில் போய் இறங்கினேன். உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. மெர்சியும் இன்னும் இரண்டு பெண்களும் குடத்தோடு போயிருந்தார்கள். போய் ரொம்ப நேரமாகியும் வரவில்லை. அங்கே தொழுவம் கழுவிக்கொண்டிருந்தார்களாம். செத்த வீடு என்று இவர்களும் சொல்லவில்லை. சொன்னால் உடனே விட்டிருப்பார்கள். கேட்டுக் கேட்டு நின்று பழகியவர்களுக்கு, இன்றைக்கு அவசரம் என்று சொல்லவே தோன்றவில்லை.

வெயிலில் என் அக்கா படுத்திருந்தாள். என் காரில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. ஊர் ஊராகத் தண்ணீர் இறைக்கிற பம்ப் செய்கிறவன், அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது மெர்சியிடம் சொன்னேன். "இனி நீங்க யாரு வாசல்லயும் நிக்க வேண்டாம் கண்ணு. மாமா போர் போட்டுத் தாரேன்."

யாரென்று தெரியாதுங்க

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. ஒரு நாள் முழுக்கக் காதை அடைக்கிற சத்தம். காலனி மேல் வெள்ளை மாவு பறந்து, காக்காய் முதற்கொண்டு வெளுத்துவிட்டது. முந்நூறு அடியைத் தாண்டியதும் மாவு நனைந்து சேறாக வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். ஐந்நூறு வரைக்கும் போகச் சொன்னேன். கீழே வெறும் பாறை.

ரிக் வண்டிக்காரப் பையன், வெளியே விழுந்த தண்ணீருக்கு மண்ணால் அணைகட்டி, நடுவில் வெட்டு வைத்த தகட்டை நிறுத்தி, அதில் தண்ணீர் எத்தனை இஞ்ச் உயரத்துக்கு வழிகிறது என்று அளந்தான்.

"அரை இஞ்சுதானுங்க. ஒன்றரை எச்.பி. எறக்குங்க, போதும். எச்சாப் போட்டு இழுத்தீங்கன்னா சேறு வந்து அடைச்சுப்போடுமுங்க."

"தம்பி, நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. அவன் சொன்னது முழுக்கச் சரி என்பது எனக்குத் தெரியும். எந்த விவசாயி வந்து கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன். போர் எவ்வளவு ஊறுகிறதோ அந்த அளவுக்குத்தான் மோட்டார். மூன்றாம் வகுப்புக்காரனுக்கும் புரிகிற கணக்கு.

ஆனால் ஒன்றரை எச்.பி. என்பது வீட்டு மாடித் தொட்டிக்குப் போடுகிற சாமான். பிறந்த ஊருக்கு, என் அப்பா மண்வெட்டி பிடித்த ஊருக்கு, விரல் தண்டியில் தண்ணீர் விட்டுக் காட்டவா நான் இத்தனை தூரம் வந்தேன்? மும்முனை மின்சாரம் வாங்கினேன். ஐந்து எச்.பி. இறக்கினேன். நாலு குழாய் வைத்துத் தொட்டி கட்டினேன். தொட்டியில் கறுப்புக் கல் பதித்து என் பெயர், என் அப்பா பெயர், கம்பெனிப் பெயர் மூன்றையும் வெட்டச் சொன்னேன்.

பிரதிஷ்டை

திறப்பு விழாவுக்கு எங்கள் காலனிச் சபையின் ஐயர் வந்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்போது வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிரதிஷ்டை ஜெபத்துக்கு முன்னால் சின்னப் பிரசங்கம் செய்தார்.

மனுஷன் தன் கையால் இந்த உலகத்தைச் சீர்ப்படுத்திவிட முடியாது, கோபுரம் கட்டியவர்கள், அரசாங்கம் கட்டியவர்கள் எல்லாரும் முயன்று பார்த்தார்கள், பாவம் உள்ளே இருக்கும்வரை மேலே பூசுகிற பூச்சு நிற்காது, ஆண்டவர் வந்து புதிதாக்கும் நாளுக்காகக் காத்திருப்பதே நம் வேலை, இப்படிப் போனது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓசியில் பந்தல், ஓசியில் மைக், எல்லாம் நான் போட்டது. நன்றியுரையில் சொன்னேன்.

"ஐயரு சொன்னது சரிதானுங்க. ஆண்டவரு வருவாரு. ஆனா அவரு வர்ற வரைக்கும் இந்த அம்மணிங்க குடிக்கோணுமில்லீங்களா? பூமிக்கடியில தண்ணியை அவரு வெச்சாரு. மேல கொண்டாந்தது ஆரு?"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஐயரும் தட்டினார்.

சுவிட்சைப் போட்டேன். மணிக்கட்டுத் தண்டிக்குத் தண்ணீர் பாய்ந்து தொட்டியின் எதிர்ச்சுவரில் அடித்தது. ஒரு கிழவி அழுதாள். மெர்சி முகத்தைக் கழுவிக் கழுவி நின்றாள். பதினைந்து நிமிஷம் ஓடியிருக்கும். டப்பென்று நின்றுவிட்டது.

ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு சின்னக் கருவி இருக்கும். போருக்குள் தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால், அதுவே கரண்டை நிறுத்திவிடும். மோட்டாரின் உயிரைக் காப்பதற்காக வைத்தது. அது தன் வேலையைச் செய்தது. மூன்று நாலு மணி நேரம் விட்டிருந்தால் மறுபடி ஊறியிருக்கும்.

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கேக்கை இன்னும் வெட்டவில்லை.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, "அதுல ஏதோ கோளாறு. அதை உட்டுட்டு டைரக்ட் போடு" என்றேன்.

"அண்ணா, தண்ணி இல்லாமத்தான் டிரிப் ஆவுதுன்னு நெனைக்கறேனுங்க."

"நீ காயில் சுத்திக் கத்துக்கிட்டது ஆருகிட்ட?"

"உங்ககிட்டத்தானுங்க."

"அப்ப போடு."

போட்டான். மோட்டார் ஓடியது. தண்ணீர் விட்டு விட்டு, துப்பித் துப்பி வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை மெர்சி தோட்டத்து வாசலுக்குப் போயிருக்கிறாள். குடம் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. "இனி நாங்க தண்ணிக்கு வரலீங்க. எங்க மாமா போர் போட்டுட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

தோட்டத்துக்காரர், "நல்லதாப் போச்சு அம்மணி. நானும் சொட்டுநீர் போட்டுப்போடலாம்னு இருந்தேன், உங்களுக்காவத்தான் தள்ளிப் போட்டேன்" என்றாராம். அந்த வாரமே தொட்டியை இடித்துவிட்டு, மோட்டாரிலிருந்து நேராகச் சொட்டுநீர்க் குழாய்க்கு இணைத்துவிட்டார்.

என் மோட்டார் ஒன்பது நாள் ஓடியது.

லாரித் தண்ணீர்

இதுதான் முதலில் சொன்ன காலிக் குடங்களின் கதை. தண்ணீருக்குப் போகிற இடம் அடைபட்டுவிட்டது. அடைத்தது மெர்சி. என் வாக்கை நம்பி அடைத்தாள். அதனால்தான் அந்தக் கேள்வியை அவள் கேட்டாள்.

தினம் ஒரு லாரித் தண்ணீர் அனுப்ப ஏற்பாடு செய்தேன். லாரி வருகிற நேரம் வேலைக்குப் போகிற நேரம். குழாயைப் பிடிக்க அடிதடி. மூன்றாம் நாள் ஒருத்திக்குப் பல் உடைந்தது. என் அக்கா மகளை, "பெருமைக்காரன் வூட்டுப் பொண்ணு" என்று ஒருத்தி ஏசினாள். அடுத்த ஞாயிறு நான் போனபோது, லாரிக் குழாயில் பிடித்த குடங்களைத் தூக்கித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஐயர். அங்கி இல்லை. லுங்கியும் நனைந்த பனியனும்.

நான் சொன்னேன். "சந்தோஷமா ஐயரே? நீங்க சொன்னது பலிச்சுப்போச்சு."

அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காதீங்க. நான் சொன்னதுல தப்பில்ல. ஆனா அதைச் சொல்லுதது எனக்கு வசதியா இருக்கு, பாத்துக்கிடுங்க. உலகம் தேறாதுன்னு சொல்லிட்டா, நான் குடம் தூக்க வேண்டாம்லா? ரெண்டு வருஷமா இந்தப் பொம்பளைங்க எங்க போயித் தண்ணி எடுக்காங்கன்னு நான் கேட்டதே கெடையாது."

"நான் கேட்டேனே? கேட்டு என்ன ஆச்சு?"

"நீங்க கேட்டீங்க, அண்ணாச்சி. போர்கிட்டதான் கேக்கல."

பொதுவாக என்னிடம் இப்படிப் பேசியவர்களை நான் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் குடம் தூக்கப் போய்விட்டோம்.

வேண்டாமுங்க மாமா

இன்னொரு போர் போடலாம், இந்தத் தடவை ஆயிரம் அடி போவோம் என்று மெர்சியிடம் சொன்னேன்.

"வேண்டாமுங்க மாமா."

"ஏன்? மாமா மேல நம்பிக்கை இல்லையா?"

"நெம்ப இருக்குதுங்க. அதுதான் பயமா இருக்குது."

மறுநாள் அவளே தனியாகத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். இருபது வருடம் நின்ற வாசல்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வாசலுக்குத் திரும்பிப் போவது வேறு. என்னால் முடியாது. உள்ளதைச் சொல்கிறேன், என்னால் முடியவே முடியாது.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். தோட்டத்துக்காரர் களத்தில் தேங்காய்ப் பருப்பு உலர்த்திக்கொண்டிருந்தாராம்.

"தொட்டிய இடிச்சுப்போட்டேனே அம்மணி. இப்ப வெளிய தண்ணி உழுகறதுக்கே எடமில்லையே."

"தண்ணி கேட்டு வரலீங்க. உங்க போரும் அரை இஞ்சுதானுன்னு சொல்லுவாங்க. இத்தன வருசமா எப்படி ஓட்டறீங்கன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேனுங்க."

அவர் கொஞ்ச நேரம் பருப்பையே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு, "இத ஆரும் எங்கிட்டக் கேட்டதில்லையே" என்றாராம். முக்கால் மணி நேரம் ஓட்டு, நாலு மணி நேரம் ஊற விடு. கயிற்றில் கல் கட்டிப் போருக்குள் விட்டு, நனைந்த இடத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார். சேற்றை முதலில் கம்ப்ரசர் வைத்து ஊதி எடு. எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பழைய சாமான் ரூமிலிருந்து ஒரு ஒன்றரை எச்.பி. மோட்டாரை எடுத்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

அந்த மோட்டாரை நான் பார்த்தேன். என் கம்பெனி சாமான் இல்லை. இதே பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்குப் போட்டியாகத் தொழில் செய்கிற ஒருவருடைய பழைய தயாரிப்பு. பெயர் சொல்ல மாட்டேன். அது இன்றும் அந்தப் போரில்தான் ஓடுகிறது. நான் புதிதாக ஒன்று அனுப்பி வைத்தேன். பிரிக்காத பெட்டியோடு மெர்சி வீட்டுப் பரணில் இருக்கிறது.

சேற்றை ஊதி எடுக்கிற கம்ப்ரசர் வண்டியை அனுப்பியது நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கேட்டவர்களுக்கு

ஆக, உழைத்தால் உலகத்தை மாற்றலாமா?

நான் வேதம் கரைத்துக் குடித்தவன் இல்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஆண்டவர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை எழுபது வருடமாகச் சொல்லிவருகிறேன். அதில் அவருடைய ராஜ்யம் வரவேண்டும் என்றுதான் கேட்கிறோம். நாங்கள் கொண்டுவருகிறோம் என்று எங்கேயும் சொல்லவில்லை. அதே மூச்சில் கேட்பது இன்றைக்குச் சாப்பாடு. வருடம் முழுமைக்கும் இல்லை, ஆயிரம் அடிக்கும் இல்லை. இன்றைக்கு மட்டும். அன்றன்றையத் தண்ணீரை ஆள் போய்த்தான் இறைக்க வேண்டும், அது தானாக மேலே வராது.

மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. ஊறியதைத் தூக்குகிறது. இது தொழிலில் முதல் நாள் தெரிந்துகொள்கிற விஷயம். எனக்கும் தெரியும். பிறந்த ஊரில் நின்றபோது மட்டும் மறந்துபோனது.

ஐயரும் நானும் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. உலகம் மொத்தமாகச் சரியாகாது என்கிறார். சரியாகாது என்றே வைத்துக்கொள்வோம், மெர்சி இப்போது யார் வாசலிலும் நிற்கவில்லையே என்கிறேன். அது உங்களாலா என்கிறார். அந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவேன்.

பூட்டு

போன கோடையில் தொழில்காரச் சிநேகிதர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனேன். நாலு மணி இருக்கும். தொட்டியையும் கல்வெட்டையும் காட்டிவிட்டு, தண்ணீர் விழுவதையும் காட்டலாம் என்று ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போனால் பூட்டுத் தொங்கியது.

"மெர்சி, சாவி எங்க கண்ணு?"

"ஆறு மணிக்குத்தானுங்க மாமா மோட்டார். ஊடு போயிக் காப்பி குடிங்க."

"நான் போட்ட போரு. அஞ்சு நிமிசம் ஓட்டிப் பார்க்கக்கூடாதா?"

"நீங்க போட்டதுனாலதானுங்க மாமா பூட்டே வாங்கினேன்."

சிநேகிதர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். காப்பி குடித்துவிட்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தோம்.

ஆறு மணிக்கு மெர்சி கயிற்றில் கல்லை விட்டு, எடுத்து, நனைந்த இடத்தை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு சுவிட்ச். விரல் தண்டித் தண்ணீர். வீட்டுக்கு நாலு குடம். அடிதடி இல்லை, முந்தினவள் பிந்தினவள் என்ற பேச்சு இல்லை. சினிமாக் கதை, மருமகள் கதை என்று சளசளவென்று பேசிக்கொண்டே வரிசை நகர்ந்தது.

தொட்டிக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றாள். காலனிக்காரி இல்லை. முக்காடு போட்டிருந்தாள். பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிற ஒடிசாக்காரர்களில் ஒருத்தி என்றார்கள். கையில் குடம் இருந்தது. கிட்டே வரவில்லை, கேட்கவும் இல்லை. எல்லாரும் பிடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு நாளா வந்து நிக்கறா" என்றாள் வரிசையில் ஒருத்தி. "அவிகளுக்குத் தறி மொதலாளி லைன் போட்டுக் கொடுக்கட்டும். நமக்கே இல்ல."

"ஆமா. இன்னைக்கு ஒருத்தி, நாளைக்குப் பத்துப் பேரு வந்து நிப்பாளுக" என்றாள் இன்னொருத்தி.

சொன்னது தப்பும் இல்லை. தண்ணீர் அளவானது. நான் மெர்சியைப் பார்த்தேன். நான் வாய் திறந்து அந்தப் போருக்கு நல்லது நடந்ததில்லை.

மெர்சி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மரத்தடியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"அங்க எதுக்கு நிக்கற? வரிசைல வந்து நில்லு!"

அந்தப் பெண்ணுக்குப் பாஷை புரியவில்லை. விரட்டுகிறாள் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனாள். மெர்சி போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். முறைத்தவர்கள் முறைத்தார்கள். ஒருத்தி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டாள்.

அவள் முறை வந்தபோது குடம் பாதி நிறைவதற்குள் முக்கால் மணி நேரம் முடிந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் ஓட்டினால் என்ன என்று யாரோ கேட்டார்கள். மெர்சி சுவிட்சை அமர்த்திவிட்டாள். தன்னுடைய நாலு குடத்தில் ஒன்றைத் தூக்கி அந்தக் குடத்தில் ஊற்றி நிரப்பினாள். மிச்சத்தைத் தன் வாளியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு முன்னாடியே வரோணும். இப்படிக் கடைசில வந்தா ஒண்ணும் கெடைக்காது, ஆமா" என்று ஆறு விரலைக் காட்டித் திட்டினாள்.

அந்தப் பெண் குடத்தைத் தூக்கக் குனிந்தாள். மெர்சியின் இரண்டு கையிலும் குடம். மற்றவர்கள் போய்விட்டார்கள். சிநேகிதர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான்தான் போய்க் குனிந்து, நிறைகுடத்தை எடுத்து அவள் தலையில் ஏற்றிவிட்டேன். எழுபத்தாறு வயதில், இடுப்புப் பிடிக்காமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.